சாத்தூர் சம்பா மிளகாய்: பயிர் மேம்பாட்டு ஆய்வுகள்

சாத்தூர் சம்பா என்பது விருதுநகர் மாவட்டம் சாத்தூர் வட்டாரத்தின் கரிசல் நிலங்களில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வரும் நீள்வகை மிளகாய் ஆகும். இதன் தாவரவியல் பெயர் காப்சிக்கம் அன்னூம். சாத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் காராச்சேவும் வெள்ளரிக்காயும் நினைவுக்கு வரும். வேளாண்மை ஆய்வாளர்களுக்கோ இந்த ஊரின் பெயர் மிளகாய் இரகங்களின் வம்சாவளிப் பட்டியலில் பழக்கமான ஒன்று. தமிழ்நாட்டில் வெளியான பல மிளகாய் இரகங்களுக்குச் சாத்தூர் சம்பா நேரடியாகவோ ஒரு தலைமுறை தள்ளியோ பெற்றோராக இருந்திருக்கிறது. இந்த வகையை அடிப்படையாகக் கொண்டு நடந்த தேர்வு, ஒட்டுச்சேர்க்கை ஆகியவற்றையும், கரிசல் நிலத்து மிளகாய் தொடர்பான சாகுபடி, நோய், தர ஆய்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் வகையும்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மிளகு போலக் காரம் தரும் காய் என்பதால் தமிழில் மிளகாய் ஆயிற்று. வந்து ஐந்நூறு ஆண்டுகள்கூட ஆகாத ஒரு பயிரை 'நாட்டு மிளகாய்' என்று அழைப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பயிர் அறிவியலில் நாட்டு வகை என்ற சொல் அது பிறந்த இடத்தைக் குறிப்பதில்லை. ஒரு வட்டாரத்து உழவர்கள் பல தலைமுறைகளாக விதை எடுத்து விதைத்ததால் அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிப்போன வகை என்பதே அதன் பொருள்.

தென்மாவட்டச் சந்தைகளில் வத்தல் இரண்டு பெயர்களில் விலை பேசப்படுகிறது. நீண்டு மெலிந்து கூர்நுனியுடன் இருப்பது சம்பா. உருண்டையாகத் தடித்த தோலுடன் இருப்பது குண்டு அல்லது முண்டு. குண்டு வகைக்கு இராமநாதபுரம் பெயர்பெற்றது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சம்பா வகை சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி பக்கங்களில் பரவியது. நெல்லில் சம்பா என்பதற்கு உள்ள பொருளை இங்கே தேட வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு பயன்பாடுகள்.

மண்ணும் மழையும்

சாத்தூர் வைப்பாற்றின் கரையில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆற்றில் மணல்தான் தெரியும். சுற்றிலும் உள்ள நிலம் கரிசல். கரிசல் மண்ணில் களிமண் விகிதம் மிக அதிகம். அந்தக் களிமண்ணின் கனிமங்கள் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதும், ஒரு நல்ல மழைக்குப் பின் செருப்போடு அப்பிக்கொள்வதும் இதனால்தான். மண்ணின் கார அமில நிலை பொதுவாக 8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். எனவே இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்கள் மண்ணில் இருந்தாலும் வேருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

இந்த மண்ணின் பெரும் பலம் அது ஈரத்தைப் பிடித்து வைப்பது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை உள்வாங்கிக்கொண்டு, மழை நின்ற பிறகும் பல வாரங்கள் பயிரைத் தாங்கும். மானாவாரி மிளகாயின் வாழ்வு முழுவதும் இந்தச் சேமிப்பில்தான் ஓடுகிறது. அதே மண் நீர் தேங்கினால் வேரை அழுகவைக்கும். மிளகாய் ஈரம் விரும்பும் பயிர். ஆனால் இரண்டு நாள் நீர் தேங்கினால் இலை உதிர்த்துவிடும். ஆகவே கரிசல் மிளகாய் ஆய்வில் வறட்சியைத் தாங்குவது எவ்வளவு முக்கியமோ, நவம்பர் மாத வெள்ளத்தைத் தாங்குவதும் அவ்வளவு முக்கியம்.

கோவில்பட்டி ஆய்வு நிலையம்

சாத்தூருக்குத் தெற்கே, அதே கரிசல் மண்ணில், கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. அன்றைய அக்கறை முழுவதும் பருத்தி மேல். திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போன கருங்கண்ணி வகையை மேம்படுத்துவதே நிலையத்தின் முதல் வேலையாக இருந்தது. பருத்தியைத் தொடர்ந்து சோளம், கம்பு, பயறு வகைகள், மிளகாய் என மானாவாரிப் பயிர்கள் ஒவ்வொன்றாக ஆய்வுக்கு வந்தன. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தபோது இந்நிலையம் அதன் கீழ் வந்தது.

இரகப் பெயர்களைப் படிக்க ஒரு குறிப்பு. 'கே' என்று தொடங்குபவை கோவில்பட்டியில் உருவானவை. 'கோ' என்று தொடங்குபவை கோயம்புத்தூரைச் சேர்ந்தவை. தமிழில் எழுதும்போது கோவில்பட்டிக்குத்தானே 'கோ' வரவேண்டும் என்ற குழப்பம் இயல்பானது. ஆங்கில முதலெழுத்துகளின் வழி வந்த பழக்கம் இது. மேலும் கோ 1 என்ற பெயரில் மிளகாய் மட்டுமல்லாமல் கீரை, வெண்டை, தக்காளி என்று பல பயிர்களிலும் இரகங்கள் உள்ளன. எனவே பயிரின் பெயரைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் விதைக் கடையில் தவறு நேரும்.

சாத்தூர் சம்பாவின் வழித்தோன்றல்கள்

ஓர் உழவரின் வயலில் உள்ள நாட்டு மிளகாயில் எல்லாச் செடிகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று குட்டையாக அடர்ந்து நிற்கும், ஒன்று உயர்ந்து கிளை விரிக்கும். ஒன்றில் காய் ஏழு சென்டிமீட்டர் இருக்கும், பக்கத்துச் செடியில் நான்குதான் இருக்கும். நாட்டு வகை என்பது பல மரபு வழிகளின் கலவை. அந்தக் கலவையிலிருந்து சிறந்த தனிச்செடிகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையில் விதைத்து, சீராக வரும் வரிசையை மட்டும் தொடர்ந்து பெருக்குவதுதான் தனிவழித் தேர்வு. டென்மார்க்கைச் சேர்ந்த வில்லெம் யோகான்சன் 1903இல் அவரை விதைகளைக் கொண்டு இதன் அடிப்படையை விளக்கினார். ஒரு கலவையிலிருந்து தேர்வு செய்தால் பலன் கிடைக்கும். ஒரே தூய வழிக்குள் மீண்டும் மீண்டும் தேர்வு செய்தால் எதுவும் மாறாது என்பது அவர் கண்டது. நாட்டு வகைகளின் மதிப்பு அவற்றின் சீரற்ற தன்மையில்தான் இருக்கிறது என்பதை இது தெளிவாக்கியது.

கோயம்புத்தூரில் வெளியான கோ 1 மிளகாய், சாத்தூர் சம்பாவிலிருந்து இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. நீண்ட, கூர்நுனி கொண்ட காய்களே இதிலும். தாய் வகையின் தோற்றத்தை மாற்றாமல் விளைச்சலையும் சீர்மையையும் கூட்டுவதுதான் நோக்கம். சந்தையில் சம்பா என்றே விலைபோகக்கூடிய ஓர் இரகம் உழவருக்குக் கிடைத்தது.

கே 2 வேறு வழியில் வந்தது. கோவில்பட்டியில் ஏற்கெனவே அசாம் வகை ஒன்றிலிருந்து தனிவழித் தேர்வாக கே 1 உருவாகியிருந்தது. அதே அசாம் தொகுப்பைச் சேர்ந்த பி 70ஏ என்ற வகையைச் சாத்தூர் சம்பாவுடன் ஒட்டுச்சேர்த்துப் பெற்றதே கே 2. நாட்டின் வடகிழக்கு மூலையும் தென்கோடியும் ஒரு பூவில் சேர்ந்தன எனலாம். இப்படித் தொலைவான பெற்றோரை இணைக்கும்போது இரண்டாம் தலைமுறையில் மிக அகன்ற வேறுபாடு தோன்றும். அந்தக் கூட்டத்திலிருந்து ஆறேழு தலைமுறை தேர்வு செய்தால்தான் நிலையான ஓர் இரகம் கைக்கு வரும். மிளகாயில் ஒரு தலைமுறைக்கு ஏழு மாதம் ஆகும் என்பதை நினைத்தால், மானாவாரிச் சூழலிலேயே சோதிக்க வேண்டிய ஓர் இரகத்துக்கு ஏன் பத்தாண்டு வரை பிடிக்கிறது என்பது விளங்கும்.

சாத்தூரின் பங்கு அங்கே முடியவில்லை. பெரியகுளம் தோட்டக்கலை நிலையத்தின் பிகேஎம் 1 இரகம், ஏசி 1797 என்ற தொகுப்பையும் கோ 1ஐயும் சேர்த்துப் பெறப்பட்டது. கோ 1 சாத்தூர் சம்பாவின் பிள்ளை என்பதால், பிகேஎம் 1க்குச் சாத்தூர் சம்பா தாத்தா முறை.

மற்ற வழிகளிலும் தமிழ்நாட்டு மிளகாய் மேம்பட்டது. மதுரை வேளாண்மைக் கல்லூரியில் கே 1 விதைகளைக் காமாக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திக் கிடைத்த திடீர்மாற்றச் செடியே எம்டியூ 1. இதில் காய்கள் தனித்தனியாக இல்லாமல் கொத்தாகக் காய்க்கும். கோ 2 நம்பியூர்க் குண்டு வகையிலிருந்து தேர்ந்தது. கோ 3 இலங்கையிலிருந்து வந்த வகையொன்றிலிருந்து தேர்ந்தது. பரமக்குடி நிலையம், கோ 2ஐ இராமநாதபுரம் குண்டு மிளகாயுடன் சேர்த்துப் பிஎம்கே 1ஐ உருவாக்கியது. சம்பா பக்கத்துக்குக் கோவில்பட்டி, குண்டு பக்கத்துக்குப் பரமக்குடி என்று வேலை பிரிந்ததற்கு மண்ணும் சந்தையுமே காரணம்.

கோ 1, கே 1, கே 2, எம்டியூ 1 ஆகிய இந்த இரகங்களுக்கு நல்ல பராமரிப்பில் 210 நாளில் எக்டேருக்கு ஏறத்தாழ 2 டன் வத்தல் குறிக்கப்படுகிறது. இது ஆய்வு நிலைய அளவு. மழை பொய்த்த மானாவாரி வயலில் அதில் பாதிகூட எட்டாத ஆண்டுகள் உண்டு. இரகத்தின் விளைச்சலைப் படிக்கும்போது எந்த நீரில், எந்த மண்ணில் என்ற கேள்வியைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

பூவும் விதைக் கலப்பும்

மிளகாய்ப் பூ ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் கொண்டது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆனால் பல வகைகளில் சூல்முடி மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். காலையில் பூ விரிந்து சில மணி நேரத்துக்குப் பின்னரே பைகள் வெடிக்கும். அந்த இடைவெளியில் தேனீயோ எறும்போ அடுத்த செடியின் மகரந்தத்தைக் கொண்டு வந்துவிடும். அயல் மகரந்தச் சேர்க்கை 7 விழுக்காடு முதல் 90 விழுக்காடு வரை பதிவாகியிருக்கிறது. இவ்வளவு அகன்ற வேறுபாட்டுக்கு வகை, பூச்சி நடமாட்டம், தட்பவெப்பம் என எல்லாமே காரணம். எனவே மிளகாயைத் தன்மகரந்தப் பயிர் என்று பாடப்புத்தகம் சொல்வதை நம்பி, பக்கத்து வயலைப் பார்க்காமல் விதை எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஒரு கணக்கு இதை விளக்கும். சம்பா வயலுக்குப் பக்கத்தில் வேறு இரகம் இருக்கிறது, ஆண்டுதோறும் விதையில் பத்தில் ஒரு பங்கு அந்த மகரந்தத்தால் உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வயலிலிருந்தே ஒவ்வோர் ஆண்டும் தேர்வின்றி விதை எடுத்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் கலப்பில்லாத செடிகள் நூற்றுக்கு 59தான் இருக்கும். பத்தாண்டில் 35 ஆகிவிடும். உழவர் விதையை மாற்றவே இல்லை. ஆனாலும் விதை மாறிவிட்டது. 'அந்தக் காலத்துச் சம்பா மாதிரி இப்ப இல்லை' என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான்.

இதனால்தான் இந்திய விதைச் சான்றளிப்பு விதிகளில் மிளகாய்க்கு ஆதார விதைக்கு 400 மீட்டரும் சான்று விதைக்கு 200 மீட்டரும் தனிமைத் தொலைவு கேட்கப்படுகிறது. இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் என்று துண்டுபட்ட சாத்தூர்ப் பக்கத்து நிலங்களில் இந்தத் தொலைவு கிடைப்பது கடினம். சிறு அளவில் விதை எடுப்பவர்களுக்கு எளிய வழி உண்டு. நல்ல பத்து இருபது செடிகளைப் பூப்பதற்கு முன்பே கொசுவலைத் துணியால் மூடி, உள்ளே காய்க்கும் முதல் காய்களில் விதை எடுத்துக்கொள்ளலாம். தன் மகரந்தத்தால் காய்க்கும் இயல்பு இங்கே உதவிக்கு வருகிறது.

சாகுபடி ஆய்வுகள்

இறவையில் மிளகாய் நாற்றுவிட்டு நடப்படுகிறது. எக்டேருக்கு 1 கிலோ விதை போதும். விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்துடன் கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும். 40 முதல் 45 நாள் நாற்றுகளை 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும்போது எக்டேருக்கு ஏறத்தாழ 37,000 செடிகள் நிற்கும். தொழுவுரம் 25 டன் இட்டு, அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 30, 60, 30 கிலோவும், நட்ட 30, 60, 90ஆம் நாள்களில் மேலுரமாகத் தழைச்சத்து 30 கிலோ வீதமும் தருவது பல்கலைக்கழகப் பரிந்துரை. தழைச்சத்தைப் பிரித்துக் கொடுப்பதன் காரணம், மிளகாய் ஒரே தடவையில் காய்த்து ஓயும் பயிர் அல்ல என்பதுதான். பூவும் பிஞ்சும் பழமும் ஒரே செடியில் மாதக்கணக்கில் இருக்கும். சாம்பல் சத்தைப் பொட்டாசியம் சல்பேட் வடிவில் கொடுத்தால் பழத்தின் தரம் கூடும்.

மானாவாரியில் கதை வேறு. அங்கே நாற்றங்கால் கிடையாது. புரட்டாசியில் மழைக்கு முன்போ முதல் மழையிலோ விதையை நேரடியாக நிலத்தில் விதைத்துவிடுவார்கள். கூடவே மல்லி, பருத்தி, வெங்காயம் போன்றவற்றையும் கலந்து விதைப்பது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். மல்லி மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்து கைச்செலவுக்கு ஆகும், மிளகாய் பின்னால் வரும், அதற்கும் பின்னால் பருத்தி வெடிக்கும். மூன்றில் ஒன்று பொய்த்தாலும் இரண்டு நிற்கும். ஆய்வு நிலையங்கள் தனிப்பயிர் விளைச்சலை மட்டும் அளந்த காலத்தில் இந்த வழக்கம் பிற்போக்காகத் தோன்றியது. ஊடுபயிர் ஆய்வுகள் வளர்ந்து, ஒரு பயிரின் எடைக்குப் பதில் ஒரு நிலத்தின் மொத்த வருமானத்தை அளக்கத் தொடங்கிய பிறகே அதன் நியாயம் ஏட்டில் ஏறியது.

நேரடி விதைப்பின் பெரும் ஆபத்து, முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே விழும் இடைவெளி. முளைத்த விதை பத்து நாள் வெயிலில் கருகிவிடும். விதையைக் குறிப்பிட்ட நேரம் ஊறவைத்து மீண்டும் நிழலில் உலர்த்தி விதைக்கும் விதைக் கடினப்படுத்தல், மானாவாரிப் பயிர்களில் இதற்காகவே ஆராயப்பட்ட முறை. நீரில் ஊறும்போது முளைப்புக்கான உள்வேலைகள் பாதி நடந்துவிடுவதால், வயலில் ஈரம் கண்டதும் விதை விரைந்து முளைத்து வேரை ஆழத்துக்கு அனுப்புகிறது.

பூ உதிர்வு இன்னொரு தொல்லை. இரவு வெப்பம் கூடினாலும், மண் சட்டென்று காய்ந்தாலும் செடி பூவை உதிர்த்துவிடும். நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் பத்து இலட்சத்தில் பத்து பங்கு அளவில் 60ஆம், 90ஆம் நாள்களில் தெளிக்கும் பரிந்துரை இதற்கானது. அளவு மிகச் சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். கூட ஊற்றினால் கூடக் காய்க்கும் என்று நினைத்தால் இதே மருந்து பூவை உதிர்க்கும்.

சுருளும் இலை, அழுகும் பழம்

மிளகாய் இலை சுருண்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. இது செலவையும் கேட்டையும் பெருக்குகிறது. இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகு போலானால் காரணம் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டுவிட்டால் காரணம் மஞ்சள் முரணைச் சிலந்தி. இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகி நின்றால் வெள்ளை ஈ பரப்பிய இலைச்சுருட்டை வைரசு. முதலாவது பூச்சி, இரண்டாவது எட்டுக்கால் உயிரி என்பதால் பல பூச்சிக்கொல்லிகளுக்கு அது அசைவதில்லை, மூன்றாவதுக்கு மருந்தே இல்லை, செடியைப் பிடுங்கி அழிப்பதும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுமே வழி. வயலோரம் மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக இரண்டு மூன்று வரிசை விதைப்பது, பறந்து வரும் பூச்சிகளுக்கு வேலியாக நிற்கும்.

2015இல் இந்தியாவில் முதலில் பப்பாளியில் அறியப்பட்ட திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்ற அயல்நாட்டு இலைப்பேன், 2021இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைப் பெருமளவில் அழித்தது. பழைய இலைப்பேன் இளந்தளிரில் இருக்கும். இது பூவுக்குள் புகுந்துகொள்கிறது. பூவே கருகிவிடுவதால் காய்ப்பு நேரடியாக விழுகிறது. மருந்து மேல் மருந்து அடித்த வயல்களில் இதன் இயற்கை எதிரிகளும் சேர்ந்து அழிந்தன.

பழ அழுகல், நுனிக்கருகல் ஆகிய இரண்டும் கொலெட்டோட்ரைக்கம் என்ற பூசணத்தால் வருபவை. பழுத்த மிளகாயில் வட்டமாகக் குழிந்த கரும்புள்ளி தோன்றும். உலர்ந்தபின் அந்த இடம் வைக்கோல் நிறமாக வெளுத்துவிடும். களத்தில் தனியே ஒதுக்கிப் பாதி விலைக்குத் தள்ளும் வெளுத்த வத்தலில் பெரும்பகுதி இந்த நோயின் வேலை. காப்சிக்கம் அன்னூம் இனத்துக்குள் இதற்கு வலுவான எதிர்ப்புத்திறன் அரிது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம், காப்சிக்கம் பக்காட்டம், காப்சிக்கம் சைனென்ஸ் ஆகிய உறவினங்களில் எதிர்ப்பு மூலங்களை அடையாளம் கண்டது. 1971இல் சீனக் கோசு, தக்காளி, பாசிப்பயறு முதலிய பயிர்களுடன் வேலையைத் தொடங்கிய நிறுவனம் அது. இனம் விட்டு இனம் சேர்க்கும்போது கரு இடையிலேயே செத்துப்போவதும், பிறந்த செடி மலடாவதும் உண்டு. எனவே அந்த எதிர்ப்புத்திறனை நீள்வகை மிளகாய்க்குள் கொண்டுவருவது மெல்ல நடக்கும் வேலை.

காரமும் நிறமும்

மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற வேதிப்பொருளால் வருகிறது. அது விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் திசுவில் உருவாகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் விதைக்குக் காரம். 1912இல் வில்பர் ஸ்கோவில், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் எத்தனை மடங்கு கரைத்தால் காரம் தெரியாமல் போகும் என்று நாக்கால் அளந்தார். இன்று கருவி அளக்கிறது. அலகு அவர் பெயரில் நிற்கிறது. காரம் உருவாகத் தேவையான பன்1 என்ற மரபணு செயலிழந்த வகைகளே குடைமிளகாய்.

நிறம் வேறு கணக்கு. கேப்சாந்தின், கேப்சோரூபின் ஆகிய நிறமிகள் சிவப்பைத் தருகின்றன. அசிட்டோனில் பிரித்தெடுத்த சாற்றில் ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று அளந்து எண் சொல்வார்கள். கர்நாடகத்து பியாடகி நிறத்துக்குப் பெயர்பெற்றது, காரம் குறைவு. சம்பா காரத்துக்காக வாங்கப்படுவது. வண்ணச்சாறு எடுக்கும் ஆலைகளுக்கு நிறம் வேண்டும், மசாலாப் பொடி நிறுவனங்களுக்குக் காரமும் நிறமும் ஓர் அளவில் வேண்டும், சாத்தூர்ச் சேவுக்கடைக்குக் காரமே முதன்மை. ஒரே இரகம் இவர்கள் எல்லாரையும் நிறைவுசெய்யாது. விளைச்சலை மட்டும் குறிவைத்த தேர்வு சில வேளைகளில் வாங்குபவர் தேடும் குணத்தை நழுவவிட்டுவிடுகிறது. நாட்டுச் சம்பாவுக்குச் சந்தையில் ஒரு சில ரூபாய் கூடக் கிடைப்பதும், அதை விளைவித்தவருக்கு மொத்தத்தில் வருமானம் குறைவதும் ஒரே நேரத்தில் நடப்பது இப்படித்தான்.

களம்

செடியில் நின்ற நூறு கிலோ பழம், உலர்ந்தபின் 25 முதல் 30 கிலோ வத்தலாகும். பழத்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதைப் பத்து விழுக்காடு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெறும் மண்ணில் பரப்பினால் பத்து பதினைந்து நாள் ஆகும்; பனியும் தூறலும் நடுவே வந்தால் பூசணம் பிடிக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் மசாலாப் பொருள்களில் மொத்த அஃப்ளாடாக்சினைக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஒரு மூட்டைக்குள் நாலு பூசணக் காய் இருந்தாலும் மொத்தச் சரக்கு திரும்பி வரலாம்.

தீர்வுகள் எளியவை. சிமெண்டுக் களம் அல்லது தார்ப்பாய், இரவில் குவித்து மூடுவது, பறித்த பழத்தை ஓரிரவு குவித்து வைத்து நிறம் சீரான பின் பரப்புவது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், பொட்டாசியம் கார்பனேட்டும் கடலை எண்ணெயும் சேர்ந்த ஒரு கலவையில் பழத்தை முக்கி உலர்த்தும் முறையை உருவாக்கியது. பழத்தோலின் மெழுகுப் படலம் இளகி நீர் விரைந்து வெளியேறுவதால் உலரும் நாள்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். சாலையோரத் தாரில் காயப்போடும் வழக்கம் இன்னும் விடவில்லை. அங்கே வத்தல் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். தூசியும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து காயும் என்பதும் உண்மை.

கேட்கப்படாமலே போகும் இன்னொரு செலவு பறிப்புக் கூலி. சம்பாக் காய் மெலிது. ஒரு கிலோவுக்குப் பல நூறு காய்களைக் கையால் பறிக்க வேண்டும். ஒரு வயலை நான்கைந்து முறை சுற்ற வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் ஆண்டு முழுவதும் வாரக்கூலி கொடுக்கும் இந்த வட்டாரத்தில், மாசி வெயிலில் மிளகாய் பறிக்க ஆள் கிடைப்பது எளிதல்ல. ஒரே நேரத்தில் பழுக்கும், காம்பிலிருந்து எளிதாகக் கழலும் குணங்களை உலகெங்கும் மிளகாய் ஆய்வாளர்கள் தேடுவதற்கு இதுவே காரணம். கொத்தாகக் காய்க்கும் எம்டியூ 1 போன்ற வகைகளின் பயன் இந்தக் கோணத்தில் பார்த்தால் கூடுதலாகத் தெரியும்.

வீரிய ஒட்டும் நாட்டு விதையும்

வீரிய ஒட்டு விதை உருவாக்க ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பையைக் கையால் நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இந்த வேலையைத் தவிர்க்க உதவுவது ஆண்மலட்டுச் செடி. மிளகாயில் இந்த இயல்பை பி. ஏ. பீட்டர்சன் 1958இல் அறிவித்தார். அவர் அதைக் கண்ட செடி அமெரிக்க விதைத் தொகுப்பில் இருந்த ஓர் இந்திய மிளகாய். இன்று பல நாடுகளில் விற்கும் ஒட்டு மிளகாய் விதைகளுக்குப் பின்னால் இந்தியாவின் பெயர் தெரியாத ஒரு வயல் இருக்கிறது.

2014இல் மிளகாயின் முழு மரபணுத் தொகுதி கொரிய, சீனக் குழுக்களால் தனித்தனியே வெளியிடப்பட்டது. அதன் அளவு தக்காளியைப் போல நான்கு மடங்கு. ஒரு குணத்தோடு ஒட்டிய மரபணுக் குறியைக் கொண்டு, நாற்றுப் பருவத்திலேயே இலைத் துண்டை வைத்து வேண்டிய செடியைத் தேர்வது இதனால் எளிதானது. ஆனால் குறி எவ்வளவு நுட்பமானாலும், தேர்வதற்கு வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாடு உள்ள இடம் நாட்டு வயல்.

ஒட்டு விதை நீருள்ள கிணற்றுத் தோட்டத்தில் நாட்டுச் சம்பாவைவிட நிச்சயமாக அதிகம் விளைகிறது. அதை வாங்கும் உழவரைக் குறைசொல்ல இடமில்லை. சிக்கல் மானாவாரியில்தான். ஒட்டுச் செடியிலிருந்து எடுத்த விதை அடுத்த பருவத்தில் சீராக வராது என்பதால் ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். புரட்டாசியில் விதைத்தது மழையின்றிக் கருகிவிட்டால் மறுவிதைப்புக்கு வீட்டில் விதை இருக்க வேண்டும். பானையில் சாம்பலோடு கலந்து வைத்த சம்பா விதை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. தாவர இரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001இன்படி உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், பரிமாறவும், நிறுவன முத்திரை இல்லாமல் விற்கவும் உரிமை உண்டு. உழவர் வகைகளைப் பதிவு செய்யவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது.

விதைக்கென ஒதுக்கும் பழத்தை இரண்டாம், மூன்றாம் பறிப்பில் எடுப்பது நல்லது. முழுதும் சிவந்து, புள்ளியில்லாத பழங்களை நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்த வேண்டும். விதையின் ஈரம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு முளைப்புத்திறன் நிற்கும். திறந்த பானையில் ஒரு மழைக்காலம் தாண்டினாலே அது பெரிதும் குறைந்துவிடும். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு நூறு விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து முளைப்பதை எண்ணிப் பார்த்தால், எவ்வளவு விதை கூட்டிப் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.